எட்டாம் நம்பர் பனியன்

எட்டுன்னா எட்டுதான் தனபாலு. முதுகுல எட்டு போட்டுனு வந்தான், எட்டுன்னு எழுதினேன், ரெண்டாவது மஞ்ச அட்டை காட்டினேன், கையோட செவப்பு காட்டினேன், போடான்னேன், போயிட்டான். இதுல இன்னா டவுட்ட கண்ட நீ. காலைல மேட்ச் முடிஞ்சி டீக்கடைல நாலு பேரு நின்னுனு இருக்கச்சொல்ல கிளாஸ உருட்டிக்கினே சொல்ற, "ரெஜினாக்கா, தப்பா நெனைக்காத, ஃபர்ஸ்ட் ஹாஃப்ல மஞ்ச வாங்கின எட்டும் செகண்ட் ஹாஃப்ல வாங்கின எட்டும் ஒரே ஆளு இல்லக்கா, எனக்கு அப்டி தோணுது"ன்னு. தோணுதாம். தோணினா எப்ப தோணணும், கொடிய கைல வெச்சினு கோட்டு மேல நிக்கறப்ப தோணணும். நான் விசில் ஊதி, பாக்கெட்ட தொறந்து, அட்டைய எடுத்து ஆகாசத்துக்கு தூக்கற வரைக்கும் சொம்மா நின்னுட்டு பஜ்ஜி கடிக்கறப்பதான் உனக்கு ஞானம் வருது. பதினெட்டு வருஷமா எனக்கு லைன்ல ஓடற, அதுல நீ ஓடினத விட நின்னதுதான் ஜாஸ்தி. போன வருஷம் கொருக்குப்பேட்டைல ஆஃப்சைடுக்கு கொடி ஏறலயேன்னு திரும்பி பாத்தா, கொடிய கக்கத்துல சொருவிக்கினு பேரன்கூட வீடியோ கால் பேசினு இருந்தவன் நீ. அத யார்கிட்டயாவது சொன்னனா நான். உன் பொண்டாட்டிகிட்ட கூட சொல்லல. அவ என்னைக் கண்டாலே "அக்கா, உங்க ஆளு ஒழுங்கா ஓடறாரா"ன்னு கேப்பா, ஓடறாரும்மா, நல்லா ஓடறாரும்பேன். அவ நல்லவ. அவ போடற வஞ்சரம் கருவாட்டு கொழம்பு இருக்குதே, சரி அது எதுக்கு இப்ப. நான் இன்னா சொல்ல வந்தேன். எட்டுன்னா எட்டுதான்.

தனபாலு இங்க இல்ல, அவன் பாட்டுக்கு சைக்கிள மிதிச்சினு போயி மதியம் சோறு துன்னுட்டு தூங்கினு இருப்பான். நான்தான் மணி அஞ்சாவப் போவுது, கூடத்துல பிளாஸ்டிக் சேர போட்டுனு, சுடு தண்ணில கல்லுப்பு போட்ட பக்கெட்டுல ரெண்டு காலையும் வுட்டுனு, மடில பரீட்சை அட்டை வெச்சினு, அவன்கூட மனசுக்குள்ள மல்லு கட்டினு உக்காந்திருக்கேன். அறுபத்தோரு வயசுல ரெண்டு பக்கமும் நாப்பது நாப்பது நிமிஷம் ஓடினா முட்டி இப்டித்தான் ஊதும், ஊதட்டும். தண்ணி ஆறினு வருது. ஆறிப்போறதுக்குள்ள இந்த ரிப்போர்ட்ட எழுதி முடிச்சிடணும்னு உக்காந்தது, ஏழு மணிக்கு கமிட்டி செக்ரட்ரி வூட்டுக்கு வந்து வாங்கினு போவாரு. அந்தாளு ஒரு பேஜாரு, ஒரு நிமிஷம் லேட்டானா "மேடம், வயசாயிடுச்சி, ரெஸ்ட் எடுங்களேன்"ன்னு சிரிப்பாரு, அந்த சிரிப்புக்காகவே இன்னும் பத்து வருஷம் ஓடணும்போல இருக்கும். ஃபாரத்துல எல்லாம் எழுதியாச்சி. மூணாவது பிளாக் பாய்ஸ் ஒண்ணு, ஸ்டார்லைட் சைபர். கிரவுண்டு ஈரம். பந்து சரி. வெளியேத்தப்பட்ட ஆட்டக்காரர் பேரு, மதியழகன், மூணாவது பிளாக் பாய்ஸ், பனியன் நம்பர் எட்டு. அதுக்குக் கீழ "காரணம்"னு ஒரு கோடு இருக்குது. அந்த கோட்டுல ரெண்டே வார்த்த, ரெண்டு மஞ்சள்னு எழுதிட்டு கையெழுத்து போட்டா வேல முடிஞ்சிது. முக்கா மணி நேரமா அந்த கோடு காலியா இருக்குது. அந்த பையன் நாளைக்கு சாயங்காலம் செமி ஃபைனல்ல ஆட முடியாது, செவப்பு வாங்கினா அடுத்த மேட்ச் கெடையாது, அதான் ரூல்சு, நான் எழுதின ரூல்சா அது. நாளைக்குன்னு பாத்துதான் ஒரு டிபார்ட்மெண்ட் டீம் கோச்சு ஆளெடுக்க வர்றாராம், மதியழகனதான் பாக்க வர்றாராம், அவனுக்கு இருபத்தி நாலு முடியுதாம், அடுத்த வருஷம் வயசு தாண்டிடுமாம். இத்தினியும் எனக்கு யாரு சொன்னா, நீதான் தனபாலு. ஒரு ரெஃபரிகிட்ட இதெல்லாம் சொல்லலாமா. அவனுக்கு கல்யாணமா கருமாதியான்னு பாத்தா ஒருத்தன் விசில் ஊத முடியுமா. அவன் ஆள இஸ்து கீழ தள்ளினது மெய்தான, அந்த மஞ்ச நியாயமான மஞ்சதான, அதுல எனக்கு துளி டவுட்டு கெடையாது. செவப்ப காட்டினப்ப அவன் கிட்ட வந்து, கைய கட்டிக்கினு, மத்தவனுங்க மாதிரி மூஞ்சிக்கு நேரா வராம ரெண்டடி தள்ளி நின்னுதான் கேட்டான், "ஆயா, நான் எப்ப ஆயா மொத மஞ்ச வாங்கினேன், நான் செகண்ட் ஹாஃப்தான உள்ள வந்தேன்"ன்னு. எல்லாரும் சொல்றதுதான் இது. நான் தொடவே இல்ல, அவனா வுழுந்தான், எனக்கு அம்மா மேல சத்தியம், நான் அந்த பக்கமே வரல. அம்மா மேல சத்தியம் பண்றத கேட்டுக் கேட்டு இந்த ஊர்ல எத்தினி அம்மாங்க செத்திருக்கணும். அதுக்குள்ள அவனுங்க கேப்டன் வந்துட்டான், காண்டாமிருகம் மாதிரி, "வூட்ல வடை சுடறத வுட்டுட்டு இங்க வந்து உயிர வாங்குது பாரு"ன்னு, வெளிய மைக்குல ஒருத்தன் "பாட்டிம்மா ஃபயருல இருக்காங்க"ன்னு, நான் அந்த பக்கம் திரும்பிட்டேன். நான் திரும்பறப்ப அவன் போயிட்டான். போறப்ப பனியன கழட்டினான். கழட்டி கோட்டுக்கு வெளிய நின்னு புழிஞ்சான்.

புழிஞ்சான். அதுதான் இங்க வந்து மாட்டிக்கினு நிக்குது, மீன்முள்ளு மாதிரி. இன்னிக்கு ரெண்டு தபா பனியன் புழிஞ்சத பாத்தேன் நான். செவப்பு வாங்கினு புழிஞ்சது ரெண்டாவது. மொத தபா எப்ப. இந்த ஏரியா டீமுங்க கதைய வெளிய சொன்னா சிரிப்பாங்க, பதினஞ்சு பேரு ஆட வருவான், பனியன் பன்னெண்டு இருக்கும், அதுல ஒண்ணு கோலு காக்கற கோலிக்கு. ஆள மாத்தினா வெளிய வர்றவன் கழட்டி குடுப்பான், உள்ள போறவன் அத வாங்கி புழிஞ்சி, வேர்வை சொட்டச் சொட்ட மாட்டிக்கினு, மூஞ்சிய சுளிச்சினு ஓடுவான். ஆளுதான் மாறும், நம்பரு மாறாது. நம்பர் போர்டு கெடையாது, நாலாவது ரெஃபரி கெடையாது, லைன்ல நிக்கற தனபாலு ரெண்டு வெரல காட்டி "அக்கா, ரெண்டு பேரு மாத்தறாங்கோ"ன்னு கத்துவான், நான் கட்ட வெரல காட்டுவேன், அம்புட்டுதான் எங்க சட்டம். மழ தூறி வுட்டிருந்த கிரவுண்டு, இன்டர்வெல்லு முடிஞ்சி நான் வாட்ச பாத்துனு நடுக்கோட்டுல நிக்கறேன், ஒரு மூணாவது பிளாக் பையன் பனியன புழியறான், சேறும் வேர்வையுமா தண்ணி கோட்டு மேல சுண்ணாம்புல வுழுது, சுண்ணாம்ப கெடுக்காதடா கய்தேன்னு கூட சொன்னேன். அவன் சிரிச்சான். வழவழன்னு மூஞ்சி. அப்ப நான் பாத்தேன் இல்ல. பாத்துட்டுதான சொன்னேன். பாத்தா இன்னா, பாக்கறது வேற, எழுதறது வேற, பிளாக்கு பசங்க எல்லாருமேதான் பனியன புழியறானுங்கோ, அது எட்டா ஏழான்னு நான் பாத்தனா. என் வூட்டுக்காரரு குணசீலன் சொல்வாரு, ரெஃபரிக்கு கண்ணு ரெண்டு போதாது ரெஜி, ஆனா நாக்கு ஒண்ணே ஜாஸ்தின்னு. அவருதான் எனக்கு இந்த தொழில புடிச்சி வெச்சது. லேத்து பட்டறைல வேல, ஞாயித்துக்கெழமன்னா ரெஃபரி. கல்யாணமான புதுசுல தண்ணி பாட்டிலும் பையும் தூக்கினு பின்னாடியே போவேன். ஒரு நாளு லைன் ஆளு ரெண்டு பேருமே வரல, ஒருத்தனுக்கு அம்மை, ஒருத்தன் மச்சினிச்சி கல்யாணம், இவரு என் கைல கரண்டிக் காம்புல கட்டின மஞ்ச துணிய குடுத்து நில்லுன்னாரு. எனக்கு ஆஃப்சைடு இன்னான்னே தெரியாது. "நம்ம தெருவுல தண்ணி லாரி வருதில்ல, கொழாய தொறக்கற அந்த நேரத்துல எவ வரிசைய தாண்டி முன்ன நிக்கறாளோ அவதான் ஆஃப்சைடு, தொறந்தப்புறம் ஓடினா தப்பில்ல, பந்த ஒதைக்கறதுதான் கொழா தொறக்கறது"ன்னாரு. அதுக்கப்புறம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, பத்து வருஷமா லாரித் தண்ணி புடிச்சவளுக்கு எவ முன்னால நின்னான்னு தெரியாதா. கிரவுண்டே சிரிச்சிது, "புடவைய தூக்கிக்கினு ஓடுது பாரு"ன்னு. ஓடினேன். அடுத்த வாரம் அவரு பழைய பேண்ட்ட வெட்டி தெச்சிக்கினேன். எங்க மாமியாரு ஒரு மாசம் பேசல. பேசலன்னா நிம்மதிதான், அந்தம்மா பேசினா ஒரு மணி நேரம், என்ன மாதிரி.

இன்னா இது, தண்ணி ஆறிப்போச்சு. ரூபிய கூப்ட்டு இன்னும் ஒரு சொம்பு சுடுதண்ணி ஊத்த சொல்லணும், அது உள்ள ரூம்புல காதுல எதையோ மாட்டிக்கினு பாட்டு கேட்டுனு இருக்கும். என் புள்ள பெத்த ஒரே பொண்ணு, பதினாலு வயசு, ஆயான்னா உசுரு, ஆனா கூப்ட்டா காது கேக்காது. காலைல கெளம்பச்சொல்ல பென்சில் அம்புடல. ரெஃபரின்னா பென்சில்லதான் எழுதணும், வேர்வை பட்டாலும் மழ பட்டாலும் பென்சில் அழியாது. தேடி தேடி பாத்துட்டு அதோட ஊதா கலரு ஜெல் பேனாவ எடுத்துனு போயிட்டேன், மினுமினுன்னு இருக்கும், எழுதினா கல்யாணப் பத்திரிகை மாதிரி. அந்த பேனாலதான் இன்னிக்கு அட்டைல எழுதினது. மேட்ச் அட்டை, உள்ளங்கை சைசுக்கு ஒரு மடிச்ச காகிதம், அதுல கோலு, நேரம், மஞ்ச வாங்கினவன் நம்பரு. நம்பரு மட்டும் எழுத மாட்டேன் நான், பக்கத்துல ஒரு அடையாளம் எழுதுவேன். குணசீலன் பழக்கம் அது. சொட்ட, காதுல கடுக்கன், பச்ச பூட்ஸு, குண்டு. இந்த பனியன் மாத்தற கூத்துக்கு அதுதான் ஒரே மருந்து. பதினொண்ணாவது நிமிஷம், எட்டு, அதுக்கு பக்கத்துல இன்னா எழுதினேன். தாடின்னு எழுதினேனா. எழுதினா மாதிரிதான் இருக்குது. லோகுன்னு ஒருத்தன் இருக்கான் அந்த டீமுல, சாமியாரு மாதிரி தாடி. அவன் கால வாரினதும் நான் பேனா மூடிய பல்லுல கடிச்சி தொறந்ததும் நெனப்பு இருக்குது. ஏன் ஒளறிக்கினு இருக்கற ரெஜினா, எடுத்து பாத்தா தெரிஞ்சிடப் போவுது. எடுக்கலயே. அதான் விசயம். வூட்டுக்கு வந்து கறுப்பு சட்டைய கழட்டறப்ப பாக்கெட்டுலருந்து விசில எடுத்தேன், டாஸ் காச எடுத்தேன், மஞ்ச அட்டை செவப்பு அட்டை எடுத்தேன், வாட்ச எடுத்தேன். காகிதத்த எடுக்கல. சட்டைய வேர்வை காயட்டும்னு மொட்ட மாடில கயித்துல போட்டுட்டு வந்துட்டேன். மறந்துட்டேன். மறந்துட்டேன்னா நம்பு. முப்பது வருஷமா மொதல்ல எடுக்கற காகிதத்த ஒருத்தி மறப்பாளா. வயசாவுது, மறப்பா. சரி மறந்தா, நெனப்பு வந்தப்புறம் போய் எடுக்க வேண்டியதுதான. முட்டி வலிக்குது, பதினெட்டு படி.

முட்டி வலிக்கல. பொய் சொல்லாத, மனசுக்குள்ள பேசறதுலகூட பொய் இன்னாத்துக்கு. முட்டி வலிக்குது, ஆனா அதுக்காவ இல்ல. எடது கண்ணுல ரெண்டு மாசமா பொகை மாதிரி ஒண்ணு நிக்குது. யார்கிட்டயும் சொல்லல. காலைல கொழம்பு கொதிக்கற ஆவின்னு நெனச்சி ஊதினேன், அடுப்பே பத்த வெக்கல. பந்து தெரியுது, கோடு தெரியுது, முதுகுல நம்பரு பெருசா தெரியுது, கிட்ட வந்தா தாடி தெரியும். அறுபத்தேழாவது நிமிஷம் அந்த பையன் ஆள இஸ்தப்ப நான் முப்பதடி தள்ளி இருந்தேன், எட்டுதான் தெரிஞ்சிது, மூஞ்சி தெரியல. அடையாளம் எழுதல. எட்டு, அறுபத்தேழு, அம்புட்டுதான். எழுதியிருந்தா மேல தாடின்னு இருக்கறத பாத்திருப்பேனே. கிட்ட வந்து ஆயான்னு கேட்டானே, அப்பயாவது மூஞ்சிய பாத்திருக்கலாம், நான் நின்னு பாக்காத கேப்டனாண்ட சண்டைக்கு போயிட்டேன். இப்ப இந்த கோட்டுல, ரெஃபரி தப்பா ஆள பாத்துட்டேன்னு எழுதினா செக்ரட்ரி இன்னா சொல்வாரு. "மேடம், கண்ணு டெஸ்ட் பண்ணிக்கங்களேன்." அவரு ஏற்கனவே லைசன்ஸ் வாங்கின ரெண்டு பசங்கள வெச்சினு காத்துனு இருக்காரு, ஹேர்ஸ்டைலும் ஸ்பிரேயுமா. அசோசியேஷன்ல வயசு முடிஞ்சிதுன்னு எப்பவோ பேர எடுத்துட்டாங்கோ, இந்த மாதிரி லோக்கல் டோர்னமெண்ட்டுதான் எனக்கு மிச்சம். அதுவும் போச்சுன்னா ஞாயித்துக்கெழம சாயங்காலம் நான் இன்னா பண்ணுவேன். சீரியல் பாக்கவா. அந்த வில்லி புருவத்த தூக்கறதுக்கே மூணு நாளு எடுத்துக்கறா. நான் தப்புன்னு ஒரு தபா எழுதினா, நாளைலருந்து நான் ஊதற ஒவ்வொரு விசிலுக்கும் எவனாவது "ஆயா, இதயும் போய் மாத்தி எழுது"ம்பான். எழுதலன்னா எவனுக்கும் தெரியப் போறதில்ல. கேப்டன் ஏற்கனவே கமிட்டில போய் கத்திட்டானாம், ரெஃபரி ரிப்போர்ட்டு இன்னா சொல்லுதோ அதான்னு செக்ரட்ரி சொல்லிட்டாராம். யாரு வெளிய போனான், யாரு உள்ள வந்தான்னு எந்த சீட்டுலயும் இல்ல. தனபாலு என்ன மீறி வாய தொறக்க மாட்டான், "நீ சொன்னா சரிக்கா"ம்பான். அப்டி சொல்றப்ப மூஞ்சிய வேற பக்கம் வெச்சிக்குவான், அது ஒண்ணுதான் தாங்காது. ஆக ஒலகத்துலயே அந்த பையனுக்கு இருக்கற சாட்சி என் சட்ட பாக்கெட்டுல ஊதா கலர்ல இருக்குது. வானம் வேற இருட்டினு வருது. ஜன்னல்ல பாத்தா எதிர் வூட்டு பொம்பள வடாம் தாம்பாளத்த உள்ள இஸ்துனு இருக்கா. மழ வந்தா ஜெல்லு நிக்குமா. அஞ்சு நிமிஷம் நனைஞ்சா போதும், ஊதா தண்ணியா போயிடும். நான் அழிக்கல, மழ அழிச்சிதுன்னு இருக்கும். நான் பாட்டுக்கு கால ஊற வெச்சினு உக்காந்திருந்தேன்னு இருக்கும்.

ஐஸு. ஏன் இப்ப ஐஸு நெனப்புக்கு வருது, தண்ணி சில்லுன்னு ஆயிடுச்சி, அதான். குணசீலன் ஞாயித்துக்கெழம தவறாம ஒரு பார் ஐஸு வாங்குவாரு. ஆல்பர்ட்டுன்னு ஒருத்தன் தள்ளுவண்டில மரத்தூளு போட்டு கோணி மூடி தள்ளினு வருவான், மீன் மார்க்கெட்டுக்கு போற ஐஸு, வழில எங்க வூட்டாண்ட நிறுத்தி ஒரு பார் எறக்குவான். எதுக்குய்யா ஐஸுன்னா, இருக்கட்டும் ரெஜிம்பாரு. மோருல போடுவோம், மிச்சம் தொட்டில கரையும். ஃப்ரிஜ் வாங்கினப்புறமும் வாங்கினாரு. நானும் கத்தி பாத்துட்டேன், "இன்னாய்யா, வூட்ல பொணமா வெச்சினு இருக்கோம், எதுக்கு இந்த ஐஸு"ன்னு. பதினோரு வருஷம். ஆஸ்பத்திரில படுத்தப்புறம்தான் சொன்னாரு, சாவறதுக்கு மூணு நாளு முன்ன. ஆல்பர்ட்டு ஒரு காலத்துல கோலியாம். நல்ல கோலியாம். ஒரு செமி ஃபைனல்ல பந்து சைடுல போயி கிழிஞ்ச வலை வழியா உள்ள நொழைஞ்சிது, இவரு கோலுன்னு ஊதிட்டாரு. ஊதினப்புறம் வலைய பாத்தாரு, கைய வுட்டா போற மாதிரி ஓட்ட. ஆளெடுக்க வந்தவங்க ஆல்பர்ட்ட அந்த கோலுக்காக வேணாம்னுட்டாங்க. "ஊதினது தப்பில்ல ரெஜி, கண்ணுக்கு அப்டி தெரிஞ்சிது. ஆனா ரிப்போர்ட்டு எழுதற வரைக்கும் நேரம் இருந்துச்சி"ன்னாரு. ஆல்பர்ட்டுகிட்ட சொன்னியான்னு கேட்டேன். செவுத்து பக்கம் திரும்பி படுத்துக்கினாரு. செத்த அன்னிக்குத்தான் ஐஸு மெய்யாலும் தேவைப்பட்டுச்சி. ஆல்பர்ட்டேதான் தள்ளினு வந்தான், நாலு பாரு, கூடத்துல அவர சுத்தி அடுக்கினான், இதோ இந்த சேரு இருக்கற எடத்துல. அடுக்கிட்டு என் கைய புடிச்சினு அழுவுறான், "அண்ணன் தங்கமான மனுசன்க்கா, வாரம் தவறாம வாங்குவாரு, எனக்கு இந்த தெருவுல மொத போணி அவருதான்"ன்னு. வாய தொறந்தேன். சொல்ல வரல. ஒரு வார்த்த வரல, என் வாய்க்கு. அதுக்கப்புறம் ஆல்பர்ட்டு வண்டி இந்த பக்கம் வர்ற சத்தம் கேட்டா நான் உள்ள போயிடுவேன். இப்ப அவனும் இல்ல.

எனக்கு எதுக்கு இதெல்லாம். நான் எந்த பையன்கிட்ட எத்தினி வருஷத்துக்கு இன்னாத்த வாங்கினு இருக்கறது. அந்த மதியழகன் நாளைக்கு வாழைப்பழ வண்டி வெப்பானா, ஆட்டோ ஓட்டுவானா, நான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் அவன் ஆட்டோல ஏறி எங்கயாவது போயி எறங்கிக்கினு இருக்கணுமா. சேச்சே. எட்டுன்னா எட்டுதான். எட்டுன்னா அந்த எட்டா இந்த எட்டா. ரெண்டு பேரும் ஒரே ஈரத்த போட்டுனா, ஒருத்தன் வேர்வைய இன்னொருத்தன் சுமந்துனா, ஒருத்தன் மஞ்சளயும் இன்னொருத்தன் சுமக்கணும்னு எந்த ரூல்சுல இருக்குது. தனபாலு, பேமானி, டீக்கடைல சொன்னத கிரவுண்டுலயே சொல்லித் தொலைச்சிருந்தா நான் அங்கயே அந்த பையன திருப்பி உள்ள கூப்ட்டிருப்பேன், இந்த காரணம்ங்கற கோட்டாண்ட இப்டி உக்காந்து சாவ மாட்டேன். கூப்ட்டிருப்பனா. கூப்ட்டிருக்க மாட்டேன், அத்தினி பேரு முன்னால. இங்க யாரும் இல்ல, நானும் பக்கெட்டும்தான். யாரும் இல்லாத எடத்துலயே வரலன்னா எப்ப வரும். தோ, வாசல் ஆஸ்பெஸ்டாஸ் மேல ஒண்ணு வுழுந்திச்சி. காக்கா எதயாவது போட்டிருக்கும். இன்னொண்ணு. மூணு. பெருசு பெருசா வுழுது, மண்ணு வாசன வந்துடுச்சி, கால தூக்கினா ஈரத்துல வழுக்கும், நான் எழுந்து படியேறி போறதுக்குள்ள.

ரூபி. ஏ ரூபி. அந்த காதுல இருக்கறத கழட்டு மொதல்ல. மாடிக்கு ஓடு, கயித்துல என் கறுப்பு சட்ட கெடக்குது, நனையறதுக்குள்ள உள்ள எடுத்துனு வா. பாக்கெட்டுல கைய வுடாத, பாக்கெட்ட கைல மூடிக்கினு வா. ஈரமா இருந்தா இருக்கட்டும், சொட்டினா கூடத்துல சொட்டட்டும், நான் தொடச்சிக்கறேன். புழியாத. கேக்குதா, புழியாத எடுத்துனு வா.